எண்ணெய்க் குழாயில் பங்கு கிடைத்தால் அது சம்மதம் ஆகிவிடுமா? கனடாவின் பூர்வகுடிகள் குறித்து ஒரு கேள்வி

அல்சூர் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அல்சூர் ஏரிக்கு அருகில் மாதம் ஒரு முறை ஞாயிறு காலையில் கூடும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்தில் அடுத்த முறை பேசவேண்டியவன் நான். கனடாவில் திட்டமிடப்படும் எண்ணெய்க் குழாய்களில் அந்நாட்டுப் பூர்வகுடிகளை உடைமையாளர்களாகச் சேர்க்கும் ஏற்பாட்டைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். மூன்று வாரமாகப் படித்தும் ஓர் இடத்தைத் தாண்ட முடியவில்லை என்பதால் இங்கே கேட்கிறேன்.

2025 நவம்பர் 27 அன்று கனடியப் பிரதமர் மார்க் கார்னியும் ஆல்பர்ட்டா மாகாண முதல்வர் டேனியல் ஸ்மித்தும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆல்பர்ட்டாவின் எண்ணெயை நாளொன்றுக்குக் குறைந்தது 10 லட்சம் பீப்பாய் என்ற அளவில் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரைக்குக் கொண்டுபோகும் புதிய குழாய், தனியார் முதலீட்டில், பூர்வகுடிகளையும் உடைமையாளர்களாகக் கொண்டு அமையவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. அந்தக் கரையில் வாழும் பூர்வகுடிகளின் கூட்டமைப்போ உடனடியாக எதிர்ப்பைத் தெரிவித்துவிட்டது. வட கரையின் துறைமுகங்களில் 12,500 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் ஏற்றிய கப்பல்கள் நிற்பதைத் தடுக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடக்கூடாது என்பது அவர்களுடைய உறுதியான நிலை.

இதே கரைக்கு ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஆல்பர்ட்டாவிலிருந்து கிட்டிமாட் வரை 1,177 கிலோமீட்டர் நீளத்துக்கு என்பிரிட்ஜ் நிறுவனம் திட்டமிட்ட நார்தர்ன் கேட்வே என்ற குழாய் அது. வழித்தடத்திலுள்ள பூர்வகுடிகளுக்கு முதலில் 10 விழுக்காடு பங்கு தருவதாகச் சொன்னார்கள். பிறகு அது மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. 30-க்கும் மேற்பட்ட சமூகங்கள் பங்காளிகளாகச் சேரவும் செய்தன. இருந்தும், பூர்வகுடிகளுடன் அரசு நடத்திய கலந்தாய்வு அவசரகதியில் நடந்தது, போதுமானதாக இல்லை என்று சொல்லி, 2014-இல் தரப்பட்டிருந்த அனுமதியைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 ஜூனில் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசும் திட்டத்தை நிராகரித்துவிட்டது.

என் சிக்கல் இதுதான். பங்கு தருவதும் சம்மதம் பெறுவதும் ஒன்றல்ல என்பது நார்தர்ன் கேட்வேயின் கதையிலிருந்தே தெரிகிறது. அப்படியானால், பங்கை வரவேற்கும் பூர்வகுடித் தலைவர்களை விலைபோனவர்கள் என்று சொல்லிவிடலாமா? எங்கள் வட்டத்தில் இருவர் அப்படித்தான் பேசுகிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்பதை எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று: வறுமையில் இருப்பதாகச் சொல்லப்படும் சமூகங்களுக்குக் கோடிக்கணக்கான டாலருக்குப் பங்கு வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாரத்தஹள்ளிக் கணக்கர்

வணக்கம். வெளிவட்டச் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வெளிநாட்டுக் கட்டுமானக் கடன்களுக்குக் கணக்குப் போட்டுக்கொடுப்பது என் வேலை. எனவே உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையில் பாதி அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கனடாவில் 1876 முதல் 'இந்தியர் சட்டம்' என்ற ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அங்கே இந்தியர் என்ற சொல் பூர்வகுடிகளைக் குறிக்கிறது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அரசின் பெயரில் இருக்கிறது. அந்நிலத்தில் உள்ள அவர்களுடைய சொத்தை வெளியார் அடமானம் பிடிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்கிறது அச்சட்டத்தின் 89-ஆவது பிரிவு. பாதுகாப்பு என்று சொல்லி வைத்த வேலிதான். ஆனால் வங்கி வாசலில் அதுவே சுவராகிவிட்டது. பட்டா இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு நம் ஊர்க் கூட்டுறவு வங்கியில் கடன் கேட்டவர்களுக்கு அந்த நிலைமையை விளக்கவேண்டியதில்லை. வீடு இருக்கும், குடியிருப்பு இருக்கும், மூன்று தலைமுறை வாழ்ந்த அடையாளம் இருக்கும். மேலாளர் கேட்கும் அந்த ஒரு காகிதம் மட்டும் இருக்காது.

அந்த இடத்தில்தான் அரசின் கடன் உத்தரவாதம் நுழைகிறது. ஆல்பர்ட்டா அரசு 2019-இல் இதற்கென ஒரு கழகத்தை அமைத்து, 100 கோடி டாலர் வரை ஜாமீன் நிற்பதாக அறிவித்தது. பின்னர் அந்த வரம்பு 300 கோடி ஆனது. கூட்டாட்சி அரசு 2024 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி டாலருக்கு இதே போன்ற திட்டத்தைக் கொண்டுவந்து, 2025 மார்ச்சில் 1,000 கோடியாக இரட்டிப்பாக்கியது. (இங்கே டாலர் என்று நான் எழுதுவதெல்லாம் கனடிய டாலர்.) சமூகங்கள் சேர்ந்து ஒரு கூட்டாண்மையை ஏற்படுத்திக் கடன் வாங்குகின்றன, அந்தப் பணத்தில் குழாயின் ஒரு பங்கை வாங்குகின்றன, எண்ணெய் அனுப்பும் நிறுவனங்கள் குழாய்க்குச் செலுத்தும் கட்டணத்திலிருந்து பங்குக்கு உரிய தொகை வருகிறது, முதலில் வட்டியும் அசலும் போகும், மிச்சம்தான் ஊர்களுக்கு வரும். அதாவது சமூகங்கள் கைப்பணம் போடுவதில்லை. ஆனால் பங்கை இனாமாகப் பெறுவதும் இல்லை. "அரசு அவர்களுக்குக் குழாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டது" என்று யாராவது பேசினால் அதைத் திருத்தவேண்டும்.

இந்த முறை நன்றாக வேலை செய்த எடுத்துக்காட்டும் உண்டு. 2022 செப்டம்பரில், ஆல்பர்ட்டாவின் அதபாஸ்கா வட்டாரத்தைச் சேர்ந்த 23 பூர்வகுடி, மேட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வழிவந்தவர்கள்) சமூகங்கள் ஒன்றுசேர்ந்து, என்பிரிட்ஜின் ஏழு குழாய்களில் 11.57 விழுக்காட்டை 112 கோடி டாலருக்கு வாங்கின. அதில் 25 கோடிக்கு மாகாணக் கழகம் ஜாமீன் நின்றது. அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குழாய்கள். நீண்டகால ஒப்பந்தங்கள் கையில் இருந்தன. கணக்குப் போடுகிறவனுக்கு இதைவிட நிம்மதியான சொத்து அமைவது அரிது.

நீங்கள் கேட்பதோ இன்னும் கட்டப்படாத குழாயைப் பற்றி. அங்கே கணக்கு வேறு. ஆல்பர்ட்டாவிலிருந்து வான்கூவர் பக்கம் போகும் டிரான்ஸ் மவுன்டன் குழாயின் விரிவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் அதன் மதிப்பீடு 540 கோடி டாலர். 2017-இல் 740 கோடி. 2018-இல் அரசே 450 கோடி கொடுத்துப் பழைய குழாயையும் திட்டத்தையும் தனியாரிடமிருந்து வாங்கிக்கொண்டது. 2020-இல் மதிப்பீடு 1,260 கோடி, 2022-இல் 2,140 கோடி, 2023-இல் 3,090 கோடி. 2024 மே 1 அன்று எண்ணெய் ஓடத் தொடங்கியபோது ஏறத்தாழ 3,400 கோடி ஆகியிருந்தது. தொடக்கத்திலேயே 10 விழுக்காடு ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம் இருந்திருந்தால், 54 கோடி என்று நம்பி இறங்கியவர்கள் 340 கோடிக்குப் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். முடியாதென்றால் பங்கு கரைந்துபோகும். முடியுமென்றால் கடன் பேரப்பிள்ளைகள் வரை நீளும்.

கட்டாமலே கைவிடப்பட்ட குழாய்களும் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு எண்ணெய் கொண்டுபோக இருந்த கீஸ்டோன் எக்ஸ்.எல். திட்டத்தில், ஆல்பர்ட்டாவையும் சஸ்காச்சுவானையும் சேர்ந்த ஐந்து பூர்வகுடிகளின் நிறுவனம் ஒன்று 100 கோடி டாலர் வரை முதலீடு செய்ய 2020-இல் உடன்பட்டது. 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அமெரிக்க அதிபர் பைடன் அனுமதியை விலக்கினார். ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. அதில் பணம் போட்டிருந்த ஆல்பர்ட்டா அரசு சுமார் 130 கோடியை இழந்தது. எரிவாயுவில் இன்னும் பழைய கதை மெக்கன்சி பள்ளத்தாக்குத் திட்டம்: 2000-இல் பூர்வகுடிகளின் குழு ஒன்று அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வழி செய்துகொண்டது, 2011-இல் அனுமதி கிடைத்தது, 2017-இல் எல்லாமே முடித்துவைக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் ஒரு தலைமுறையின் உழைப்பு அதில் போயிருக்கிறது.

ஆகையால், எந்தச் சமூகமாவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: கட்டி முடித்து எண்ணெய் ஓடத் தொடங்கிய பிறகு, முன்பே பேசி முடித்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையை இப்போதே எழுதி வாங்குங்கள், கட்டுமானச் செலவு எகிறும் ஆபத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஓய்வுபெற்ற குழாய்ப் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

கணக்கர் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் குழாயில் ஓடுவது எண்ணெய் என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்த விரும்புகிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கட்டுப்பாட்டு அறையில் கழிந்தது.

இரவு இரண்டரை மணிக்குத் திரையில் ஒரு பகுதியின் அழுத்தம் அரைக் கிலோ இறங்கும். மேல்நிலையத்தில் பம்ப்பு மாற்றினார்களா, பிக் (குழாயின் உட்புறத்தைத் துடைத்துச் செல்லும் கருவி) எங்காவது சிக்கிக்கொண்டதா, உண்மையிலேயே கசிவா என்று நான்கைந்து நிமிடத்துக்குள் முடிவு செய்யவேண்டும். குழாய்த் தடத்தில் நடந்து காவல் பார்க்கும் லைன் வாக்கரை எழுப்பி, டார்ச் விளக்கோடு வயல் வரப்பில் நடக்கச் சொல்லவேண்டும். குழாயை நிறுத்தினால் மறுநாள் காலை ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் கணக்குக் கேட்பார்கள். நிறுத்தாமல் விட்டு அது கசிவாக இருந்தால், யாருடைய கிணறு கெடும் என்பதை நினைக்கவே முடியாது. அந்த அறையில் இயக்குகிற நிறுவனத்தின் ஆள் மட்டுமே இருப்பான். 10 விழுக்காட்டுப் பங்குதாரர் அங்கே இருப்பதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை வரும் அறிக்கையில்தான் அந்த இரவைப் பற்றிப் படிப்பார்.

பங்கு என்பது ரூபாயிலோ டாலரிலோ பிரிகிறது. ஆபத்து அப்படிப் பிரிவதில்லை. நம் டெல்டா விவசாயிகளுக்குத் தலைமடை, கடைமடை என்ற இரண்டு சொற்களும் அத்துப்படி. வாய்க்காலில் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வராது. எண்ணெய்க் குழாயில் நேர்மாறாக, வரக்கூடாதது எல்லாம் கடைமடைக்கு வந்து சேரும். ஆல்பர்ட்டாவிலிருந்து 1,150 கிலோமீட்டர் வரும் டிரான்ஸ் மவுன்டன் குழாயின் கடைமடை, வான்கூவர் அருகிலுள்ள பர்னபி. அங்கே பரார்டு கடற்கழியின் கரையில் காலங்காலமாக வாழ்பவர்கள் ஸ்லே-வாட்டுத் மக்கள். கழியின் மக்கள் என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். விரிவாக்கத்தால் குழாயின் கொள்ளளவு நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாயிலிருந்து 8,90,000 ஆனது. அதற்கேற்ப, மாதத்துக்கு ஐந்து எண்ணெய்க் கப்பல்கள் வந்த இடத்தில் 34 வரை வரலாம் என்று திட்டமிட்டார்கள். ஸ்லே-வாட்டுத் மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்ட் 30 தீர்ப்பில் அனுமதி ரத்தானது. காரணங்கள் இரண்டு: கப்பல் போக்குவரத்தின் விளைவை ஆய்வில் சேர்க்கவில்லை, கலந்தாய்வுக்கு வந்த அரசு அதிகாரிகள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு போனார்களே தவிர, எதையும் மாற்ற அவர்களுக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கவில்லை. இரண்டாவது காரணத்தைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. குறிப்பேட்டோடு உட்கார்ந்து தலையாட்டிய கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன்.

அரசு மீண்டும் கலந்தாய்வு நடத்தி 2019 ஜூனில் மறுபடியும் அனுமதி கொடுத்தது. அடுத்து வந்த வழக்கு 2020-இல் தள்ளுபடியாகி, குழாயும் முடிந்துவிட்டது. அதே குழாயில் பங்கு வாங்கப் பூர்வகுடிகளின் சில கூட்டணிகள் பல ஆண்டுகளாகக் காத்திருக்கின்றன என்பதும் உண்மை. உள்நாட்டில் குழாய் போகும் ஊருக்கும் கடலோர ஊருக்கும் நியாயம் வெவ்வேறாகத் தெரிவது இயல்பு. 2016 அக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியக் கரையிலுள்ள பெல்லா பெல்லா அருகே ஓர் இழுவைப்படகு மூழ்கி, ஏறக்குறைய 1,10,000 லிட்டர் டீசல், ஹெயில்ட்சுக் மக்கள் சிப்பி எடுக்கும் நீரில் கலந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய், பெரிய கப்பல் வரட்டும், உங்களுக்கும் பங்கு உண்டு என்று எப்படிச் சொல்வது? அவர்கள் மறுப்பதைப் பிடிவாதம் என்று எழுதுகிறவர்கள் ஒரு முறை எண்ணெய் படிந்த கரையில் நின்று பார்க்கட்டும்.

பங்கு வாங்குவதானால் மூன்றைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பேன்: கட்டுப்பாட்டு அறையின் தரவு அவர்களுக்கு நேரடியாக வரவேண்டும், ஐயம் வந்தால் தங்கள் எல்லைக்குள் வால்வை மூடச்சொல்லும் அதிகாரம் வேண்டும், ஐம்பது ஆண்டு கழித்துக் குழாயைத் தோண்டி எடுத்து நிலத்தைச் சீராக்கும் செலவுக்கு இன்றே தனியாகப் பணம் ஒதுக்கவேண்டும். கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எண்ணெயின் தேவை குறைந்த பின் தேய்ந்துபோன குழாயின் உடைமையாளராக எஞ்சி நிற்பது வரம் அல்ல.

தர்மபுரி மகள், ராமமூர்த்தி நகர்

இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

எங்கள் மாந்தோப்பின் நடுவே ஓர் எரிவாயுக் குழாய் போகிறது. எந்த நிறுவனம் என்று சொல்ல விரும்பவில்லை. நம் நாட்டில் இதற்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை, 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுப்பார்கள். பட்டா அப்பா பெயரில்தான் இன்னும் இருக்கிறது. ஆனால் குழாய் போகும் அந்த நிலப்பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. அதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு என்று சட்டமே சொல்கிறது. வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் தனியே கணக்கு. எங்கள் தோப்பில் பதினொரு மாமரங்கள் போயின. அவற்றில் இரண்டு, பாட்டி கைப்பட நட்டவை. இன்று அந்த இடத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த அடையாளக் கல் நிற்கிறது. அம்மா அதன்மேல் கறிவேப்பிலையைக் காயப் போடுவாள்.

அப்பாவிடம் கேட்டேன்: "குழாயில உங்களுக்கும் பங்குன்னு சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பங்கு குடுத்தா வேண்டாம்னு யாரு சொல்லப் போறாங்க? வாங்கிக்குவேன். ஆனா அது குழா வந்த பொறவு கேக்கற கேள்வி. முன்னாடியே கேட்டிருந்தா, ஓடைப் பக்கமா கொண்டு போங்கடான்னு சொல்லியிருப்பேன். அங்க மரமே இல்ல."

அல்சூர் நண்பரே, உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த விடை இதில் இருக்கிறது. பங்கைக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே குழாயோடு வாழ்பவர்கள். டிரான்ஸ் மவுன்டன் முதல் குழாய் 1953-இல் போடப்பட்டது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு வரை, 1927 முதல் 1951 வரை, நில உரிமைக்காக வழக்குத் தொடுக்கப் பணம் திரட்டுவதே பூர்வகுடிகளுக்குச் சட்டப்படி குற்றமாக இருந்தது. 1960 வரை, தங்கள் சட்டநிலையைக் கைவிடாமல் அவர்களில் பெரும்பாலோர் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அவர்களிடம் கேட்காமல் போட்ட குழாய் எழுபது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு வருமானம் தந்திருக்கிறது. இப்போது அவர்கள் பங்கு கேட்பது பழைய பாக்கியைக் கேட்பது. அதை விலைபோவது என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் புதிய குழாய் இன்னும் வரவில்லை. அங்கே ஓடைப் பக்கமா, தோப்பு வழியா, வேண்டவே வேண்டாமா என்று கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு, எத்தனை விழுக்காடு வேண்டும் என்ற கேள்வியோடு வந்து நிற்பதில்தான் தவறு இருக்கிறது.

நம் நாட்டில் பங்கு என்ற பேச்சு எழாமல் இல்லை. 1997 சமதா வழக்கில், பழங்குடி நிலத்தில் நடக்கும் சுரங்கத் தொழிலின் நிகர லாபத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அம்மக்களின் மேம்பாட்டுக்கு ஒதுக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2011-இல் நாடாளுமன்றத்தில் வைத்த சுரங்க மசோதாவில் நிலக்கரி லாபத்தில் 26 விழுக்காடு என்று எழுதினார்கள். அது நிறைவேறாமலே காலாவதியானது. 2015-இல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை, அரசுக்குச் செலுத்தும் ராயல்டியில் ஒரு பகுதியைச் சேர்ப்பதோடு நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் ஒடிசாவின் நியாம்கிரி மலை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கிராம சபைகளிடமே கேளுங்கள் என்றது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே திட்டமிட்டிருந்த பாக்சைட் சுரங்கம் வரவில்லை. கேட்பது என்றால் இப்படித்தான் கேட்கவேண்டும்: வேண்டாம் என்ற விடைக்கும் இடம் வைத்து.

அல்சூர் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. கேட்பது என்று வைத்துக்கொண்டால் யாரைக் கேட்பது? கோஸ்டல் காஸ்லிங்க் என்ற 670 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய்க்கு, வழியிலுள்ள 20 பூர்வகுடிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் வெட்சுவெட்டன் மக்களின் பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். 2020 தொடக்கத்தில் அவர்களுக்கு ஆதரவாக நாடெங்கும் ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. இரு தரப்பில் யாருடைய சொல் செல்லும்?

மாரத்தஹள்ளிக் கணக்கர்

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இந்தியர் சட்டத்தால் உருவானவை. அவற்றின் அதிகாரம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் அடங்குவது. அதற்கு வெளியே விரிந்த மரபு நிலத்தைப் பற்றி வழக்காடியவர்கள் வெட்சுவெட்டன், கிட்க்சன் மக்களின் பரம்பரைத் தலைவர்கள்தாம். 1997 டெல்காமுக் தீர்ப்பில் கனடிய உச்ச நீதிமன்றம், பூர்வகுடி நில உரிமை என்பது நிலத்தின் மீதே உள்ள உரிமை என்று ஏற்றது. ஆனால் எந்த நிலம் யாருடையது என்று முடிவு செய்யாமல் மறுவிசாரணைக்கு அனுப்பியது. அந்த இடைவெளியில்தான் குழாய் போனது. எளிதில் கையெழுத்திடக் கூடியவரைத் தேடிப் போவது நிறுவனங்களின் வழக்கம். கோப்புகளில் நான் பார்த்திருக்கிறேன். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கும்வரை கையெழுத்தை நம்பிக் கடன் கொடுப்பதில் ஆபத்து உண்டு என்று கடன் தருபவரே சொல்லவேண்டும்.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு சிறு கருத்து வேறுபாடு. 10 விழுக்காட்டுக்காரர் அறையில் இல்லை என்பது சரி. பாதிக்கு மேல் வைத்திருப்பவர் அறையில் இருப்பார். கிட்டிமாட்டின் ஹைஸ்லா மக்கள், தங்கள் கடற்கழிக்கு வரவிருந்த நார்தர்ன் கேட்வே எண்ணெய்க் குழாயை எதிர்த்துப் போராடியவர்கள். அதே ஹைஸ்லா இன்று, திரவ எரிவாயுவை மிதக்கும் தளத்திலிருந்து அனுப்பும் சீடர் திட்டத்தில் 50.1 விழுக்காடு வைத்திருக்கிறார்கள். 2024 ஜூனில் அதற்கு இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்டது. எரிவாயு கசிந்தால் காற்றில் போகும், பிட்டுமென் என்ற கெட்டியான எண்ணெய் கசிந்தால் கடலடியில் படியும் என்ற வேறுபாட்டை அவர்களே எடைபோட்டு, ஒன்றை மறுத்து, மற்றொன்றைத் தாங்களே எடுத்துச் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அதில் முரண் தெரியலாம். எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற குழாய்ப் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

ஒப்புக்கொள்கிறேன். அதை நான் சொல்லியிருக்கவேண்டும்.

அல்சூர் வாசகர்

தர்மபுரி மகள் அவர்களுக்கு: உங்கள் தந்தையார் சொன்ன ஓடைப் பக்கத்து வாக்கியத்தை என் பேச்சில் சொல்ல அனுமதி உண்டா? ஊர், பெயர் எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

தர்மபுரி மகள், ராமமூர்த்தி நகர்

சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சொல்கிறீர்களே, அதுவே போதும். அப்பாவுக்கு அந்த வாரம் இங்கே கண் மருத்துவரிடம் காட்டவேண்டிய வேலை இருக்கிறது. காலை எத்தனை மணிக்குக் கூடுகிறீர்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் அவரையே அழைத்துவருகிறேன். அந்த ஓடை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவர் தரையில் கோடு போட்டே காட்டுவார்.